வெளியீட்டு முறையும் கிடைப்பு முறையும்: தமிழ்ச் சித்திரக்கதைத் தொடர்களின் வாசிப்பு வரிசை – கூடலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வெளிவரும் சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளை எந்த வரிசையில் படிப்பது என்பது வாசகரின் விருப்பம் சார்ந்த சிறிய கேள்வியாகத் தோன்றலாம். தமிழில் இக்கேள்வி ஒரு வரலாற்றுச் சிக்கலாகிறது. மூல மொழியில் ஒரு வரிசையில் வெளிவந்த கதைகள் தமிழில் வேறொரு வரிசையில் அச்சாகி, ஊர்தோறும் மற்றொரு வரிசையில் வாசகரைச் சென்றடைந்துள்ளன. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், இந்திரஜால் காமிக்ஸ் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு மூல முறை, கதைக்கால முறை, வெளியீட்டு முறை, கிடைப்பு முறை என நான்கு வரிசை முறைகளை இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடி ஊரான கூடலூரின் இருப்பிடத்தை முன்வைத்துக் கிடைப்பு முறையின் முக்கியத்துவத்தை விளக்குகிறது. தமிழ் வெளியீட்டு முறையையே ஆய்வுக்குரிய அடிப்படை வரிசையாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, வாசிப்பு வரிசை, இரும்புக்கை மாயாவி, வேதாளர், முத்து காமிக்ஸ், தொகுப்பு மரபு, கூடலூர்.

1. முன்னுரை

அமெரிக்கச் சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளின் வரலாறு 1938இல் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றியதிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரே நாயகனின் கதையைப் பல எழுத்தாளர்கள், பல ஓவியர்கள், பல இதழ்களில் பல பத்தாண்டுகள் எழுதிச் செல்லும்போது கதைகளுக்குள் முரண்கள் பெருகுகின்றன. டிசி நிறுவனம் 1985–86இல் ஒரு நெடுந்தொடரை வெளியிட்டுத் தன் கதையுலகின் காலவரிசையையே திருத்தி அமைக்க நேர்ந்தது. புதிதாகப் படிக்க வருபவர் முதலிதழிலிருந்து தொடங்குவதா, கதைக்குள் நிகழும் கால வரிசையைப் பின்பற்றுவதா, திருத்தி அமைக்கப்பட்ட இடத்திலிருந்து தொடங்குவதா என்ற விவாதம் அங்கு நெடுநாள்களாக நடந்துவருகிறது.

தமிழ்ச் சூழலுக்கு இவ்விவாதத்தை அப்படியே கொண்டுவர இயலாது. ஆங்கில இதழ்களில் இதழின் பெயரும் நாயகனின் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால், இதழ் எண்ணே நாயகனின் கதை எண்ணாகவும் அமைகிறது. தமிழில் இதழ் எண் பதிப்பகத்துக்கு உரியது. முத்து காமிக்ஸின் ஓர் இதழில் இரும்புக்கை மாயாவி வந்தால், அடுத்த இதழில் லாரன்ஸ்–டேவிட் இணையோ ஜானி நீரோவோ வரக்கூடும். இரும்புக்கை மாயாவியின் எத்தனையாவது கதை இது என்ற கேள்விக்கு அட்டையில் அச்சான எண் விடை தருவதில்லை. எனவே வரிசையைக் கண்டறிவது தமிழில் முதலில் ஆய்வாளரின் பணியாகிறது. வாசகரின் தேர்வு அதன் பின்னரே எழுகிறது.

2. தமிழ் மரபில் வரிசையும் தொகுப்பும்

நூல்களை வரிசைப்படுத்துவது பொருள் கொள்ளும் செயலே என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். அகநானூற்றின் பாடல் எண்களே திணையைச் சுட்டுமாறு அமைக்கப்பட்டுள்ளன. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிபவை குறிஞ்சி. நான்கில் முடிபவை முல்லை. ஆறில் முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். பாடல்கள் இயற்றப்பட்ட காலம் இவ்வரிசையில் எவ்விடத்தும் கருதப்படவில்லை. தொகுத்தவரின் திட்டமே வரிசையாயிற்று.

தேவாரப் பதிப்புகள் இன்னும் தெளிவான சான்று. ஒரே பதிகங்கள் பண்முறை, தலமுறை, வரலாற்று முறை என மூவகையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. பண்முறை இசைமரபுக்கு உரியது. தலமுறை தலப்பயணத்துக்கும் கோயில் வழிபாட்டுக்கும் ஏற்றது. வரலாற்று முறை பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சிப் போக்கைப் பின்பற்றுவது. இம்மூன்றில் எது சரியானது என்று எவரும் கேட்பதில்லை. எது எந்தப் பயனுக்கு உரியது என்றே கேட்கின்றனர்.

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இக்கூடலூர் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரே அது என்று கொள்வதற்கு இக்கட்டுரை முற்படவில்லை. தொகுப்பாளரின் செயலே இங்குக் கருதத்தக்கது. தொல்காப்பியம் முல்லையில் தொடங்கி நிலங்களை வரிசைப்படுத்துகிறது. ஐங்குறுநூறோ ஓரம்போகியாரின் மருதத்தில் தொடங்கி, அம்மூவனாரின் நெய்தல், கபிலரின் குறிஞ்சி, ஓதலாந்தையாரின் பாலை எனச் சென்று பேயனாரின் முல்லையில் முடிகிறது. ஊடலில் தொடங்கி இருத்தலில் முடியும் இவ்வரிசை ஒரு தொகுப்பாளரின் முடிவு. ஐந்து நூறுகளையும் இடம் மாற்றிப் படித்தால் பாடல்கள் மாறா, நூல் மாறிவிடும்.

இப்பார்வையில் தமிழ்ச் சித்திரக்கதைப் பதிப்பாசிரியரும் ஒரு தொகுப்பாளரே. அவர் அமைத்த வரிசையை மூலத்திலிருந்து நேர்ந்த பிழை என ஒதுக்குவதா, தொகுப்புச் செயல் எனக் கொள்வதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

3. மூல முறை: ஒற்றை வரிசை உண்டா?

முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வெளிவந்தது. முதல் இதழின் தலைப்பு 'இரும்புக்கை மாயாவி'. பதிப்பாளர் சௌந்திரபாண்டியன், தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசன். இதன் மூலம் பிரித்தானிய வார இதழான வேலியண்டில் 1962 அக்டோபரில் தொடங்கிய 'ஸ்டீல் கிளா' தொடர். கென் புல்மர் தொடங்கிவைத்த இத்தொடரைப் பின்னர் டாம் டல்லி எழுதினார். ஓவியர் ஸ்பெயின் நாட்டவரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

ஆய்வகத்தில் பணியாற்றும் லூயிஸ் கிராண்டேல் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைகிறது; இரும்புக்கை மட்டும் கண்ணுக்குப் புலனாகிறது. மூலத் தொடரில் அவர் முதலில் குற்றவாளியாக நடமாடி, பின் மனம் திருந்தி, நிழற்படை என்னும் உளவமைப்பில் சேர்கிறார். ஒரு கட்டத்தில் தனியுடை அணிந்த சூப்பர் ஹீரோவாகவும் உலவுகிறார். நாயகனின் இயல்பு மாறிக்கொண்டே செல்லும் தொடர் இது. ஆகவே வரிசை இங்குப் பொருளுடையது.

ஆயினும் மூலத்திலேயே ஒற்றை வரிசை இல்லை. வார இதழில் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 1967இல் தொடங்கிய பிளீட்வே சூப்பர் லைப்ரரி என்னும் கையடக்க நூல் வரிசையில் அதே நாயகனின் தனி முழுக்கதைகளும் வெளிவந்தன. வார இதழில் தொடரும் கதைக்கும் இத்தனிக்கதைகளுக்கும் இடையே நிகழ்ச்சித் தொடர்பு ஏதும் கட்டாயமில்லை. தமிழில் இவ்விரு ஓடைகளும் ஒரே வடிவில், ஒரே இதழ் வரிசையில் கலந்து வந்தன. வார இதழில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு ஒருமுறை திகிலான இடத்தில் நின்று, மறுவாரம் முன்கதையுடன் தொடர்ந்த கதை, தமிழில் ஒரே அமர்வில் படித்து முடிக்கும் முழுக்கதையாக மாறியது. தொடர்கதை என்ற வகைமையே இங்கு முழுநீளக்கதை என்ற வகைமையாகிவிட்டது.

லயன் காமிக்ஸ் வழியாக 1984இல் தமிழுக்கு வந்த ஸ்பைடருக்கும் இது பொருந்தும். பிரித்தானிய லயன் வார இதழில் 1965இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய இத்தொடரைப் பின்னர் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல். குற்ற உலகின் அரசனாக முயன்ற ஸ்பைடர் பின்னாளில் குற்றவாளிகளை எதிர்ப்பவனாகிறான். இம்மாற்றத்துக்கு முந்திய கதையையும் பிந்திய கதையையும் முறைமாற்றிப் படிப்பவருக்கு ஸ்பைடர் நிலையற்ற மனம் கொண்டவனாகத் தோன்றுவான். முறையாகப் படிப்பவருக்கோ அவன் திருந்தியவன். பாத்திரத்தைப் பற்றிய மதிப்பீடே வரிசையைச் சார்ந்துள்ளது.

முத்து காமிக்ஸ் தொடங்கியபோது 1960களின் இரும்புக்கை மாயாவி கதைகள் மூலத்தில் ஏற்கெனவே வெளிவந்துவிட்டன. இலண்டன் வாசகர் வாரந்தோறும் வந்ததை வந்த வரிசையில் படித்தார். அவருக்குத் தேர்வு இல்லை. சிவகாசியின் ஆசிரியர் முன் ஒரு பத்தாண்டுக் கதைகளும் ஒருங்கே கிடந்தன. கையில் கிடைத்த மூலப்படிகள், பக்க அளவு, வாசகர் விருப்பம் முதலியவை அவர் தேர்வை வரையறுத்திருக்கலாம். ஆயினும் இதனை முதலில், அதனைப் பின்னர் என முடிவு செய்தது தமிழ்ப் பதிப்பே. ஆகவே தமிழ் வரிசை மூல வரிசையின் சிதைந்த நிழல் அன்று. தனக்கென ஒரு வரலாறு உடைய தொகுப்பு அது.

4. கதைக்கால முறையின் எல்லை

கதைக்குள் நிகழும் காலத்தைக் கொண்டு வரிசை அமைப்பது கதைக்கால முறை. ஒழுங்கானதாகத் தோன்றும் இம்முறையின் குறையை வேதாளர் கதைகள் காட்டுகின்றன. லீ பாக் உருவாக்கிய இத்தொடர் 1936 பிப்ரவரியில் நாளிதழ்ப் படத்தொடராகத் தொடங்கியது. 1939 முதல் ஞாயிறு இதழ்களில் தனிக்கதைகளும் இணையாக வெளிவந்தன. இங்கும் மூல வரிசை இரண்டு ஓடைகளாகப் பிரிந்தே செல்கிறது.

கதைப்படி முதல் வேதாளர் 1536இல் சூளுரைத்தவர். நாம் படிக்கும் நாயகர் அம்மரபில் 21ஆம் தலைமுறை. முன்னோர் கதைகள் பல தொடரில் உண்டு. கதைக்கால முறையைப் பின்பற்றினால் இவை அனைத்தும் முன்னே வரவேண்டும். ஆனால் இக்கதைகள் பெரும்பாலும் 21ஆம் வேதாளர் மண்டையோட்டுக் குகையில் உள்ள குலப்பதிவேடுகளைப் புரட்டிப் படிப்பதாகவே சொல்லப்படுகின்றன. படிப்பவரை அறிமுகப்படுத்தாமல் அவர் படிக்கும் ஏட்டை முன்வைத்தால் கதையின் சட்டகம் உடைகிறது. சாகாவரம் பெற்றவர் என்று காட்டுமக்கள் நம்பும் ஒருவர் உண்மையில் தலைமுறை தலைமுறையாக வரும் மனிதர் என்பதே இத்தொடரின் உயிர்நாடியான மறைபொருள். அதனை முதல் பக்கத்திலேயே வெளிப்படுத்திவிடும் வரிசை, காலத்தைச் சரிசெய்து கதையை இழக்கிறது.

இதற்கு மாறாக, உட்சான்றுகளைக் கொண்டு கதைகளைக் காலப்படுத்த இயலும் இடங்களும் வேதாளர் தொடரில் உண்டு. டயானாவுடனான திருமணம் 1977இலும், இரட்டைக் குழந்தைகளின் பிறப்பு 1979இலும் மூலத் தொடரில் நிகழ்ந்தன. தேதியில்லாத ஒரு தமிழ்ப் பிரதியில் டயானா காதலியாக வருகிறாரா, மனைவியாக வருகிறாரா என்பதைக் கொண்டு அதன் மூலம் எக்காலத்தது என்று ஓரளவு கணிக்கலாம். கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்தபோது மெய்க்கீர்த்தியில் கூறப்படும் வெற்றிகளைக் கொண்டு காலம் கணிக்கும் முறைக்கு இது ஒப்பானது.

கதைக்கால முறை இன்றியமையாத தொடர்களும் உண்டு. தமிழில் கேப்டன் டைகர் என வழங்கும் புளூபெர்ரி சூப்பர் ஹீரோ கதை அன்று. எனினும் ஒப்பீட்டுக்கு இது பெரிதும் உதவும். ஷான்–மிஷேல் ஷார்லியே எழுத, ஷான் ஜிரோ வரைந்து 1963இல் பிரெஞ்சு இதழான பிலோட்டில் தொடங்கிய தொடர் இது. தமிழில் 'தங்கக் கல்லறை' எனப் புகழ்பெற்ற கதை மூலத்தில் 1972இல் நூலாக வந்த 11, 12ஆம் ஆல்பங்களைச் சார்ந்தது. 'மின்னும் மரணம்' அதனையடுத்து 13ஆம் ஆல்பத்தில் தொடங்கி, ஷார்லியே 1989இல் மறைந்த பின் ஜிரோ நிறைவுசெய்த 'அரிசோனா லவ்' வரை நீளும் கதைச்சங்கிலி. ஓர் ஆல்பத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக இருப்பதால் இச்சங்கிலியின் கண்ணிகளை இடம் மாற்ற இயலாது. 2015இல் 'மின்னும் மரணம்' ஒரே தொகுப்பாகத் தமிழில் வந்தபோதுதான் இதன் முழுமை வாசகருக்கு ஒருங்கே புலப்பட்டது. ஆனால் இளம் டைகர் கதைகள் மூலத்தில் 1968இல் பின்னோக்கி எழுதப்பட்டவை. கதைக்காலத்தில் முந்தியவை, எழுதப்பட்ட காலத்தில் பிந்தியவை. முதிர்ந்த நாயகனை அறிந்தவருக்கே இளமைக் கதையின் சுவை விளங்கும் என்பதால் இவற்றை முன்வைப்பது பொருந்தாது.

எனவே தொடர்களை மூவகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் கதைகள். நாயகனின் இயல்பு மாறிச்செல்லும் கதைகள். ஒன்றன் முடிவில் மற்றொன்று தொடங்கும் சங்கிலிக் கதைகள். வரிசையின் கட்டாயம் முதல்வகையில் மிகக் குறைவு, இறுதிவகையில் மிக அதிகம். ஒரே விதியை மூன்றுக்கும் பொருத்துவது பிழைபடும்.

5. பெயர்ச் சிக்கல்: எந்த மாயாவி?

வரிசையை மீட்டெடுக்க முயலும் ஆய்வாளருக்குப் பெயர்கள் பெருந்தடையாக உள்ளன. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் வெளிவந்தது. அதில் பாண்டம் வேதாளன் எனப்பட்டார். முத்து காமிக்ஸில் அவர் வேதாளர். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸில் அவரே முகமூடி வீரர் மாயாவி. முத்துவிலோ மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. அதாவது ஒரு நாயகனுக்கு மூன்று பெயர்கள்; ஒரு பெயருக்கு இரு நாயகர்கள்.

இதன் விளைவு சிறிதன்று. 'மாயாவி' என்ற சொல்லைக் கொண்டு நூற்பட்டியலில் தேடும் ஆய்வாளர் இரு வேறு தொடர்களை ஒன்றாகக் கருதக்கூடும். வாசகர் நினைவுகளை வாய்மொழியாகத் தொகுப்பவர், தகவலாளி எந்த மாயாவியைக் குறிக்கிறார் என்று கேட்டுத் தெளியாவிடில் அப்பதிவு பயனற்றதாகும். மறுபதிப்புகளில் ஒரே கதை வேறு தலைப்பிலோ வேறு இதழ் எண்ணிலோ வருவதும் உண்டு. அப்போது ஒரு கதை இருமுறை கணக்கில் ஏறுகிறது. சங்கப் பாடல்களில் ஒரே பெயருடைய புலவர்களை ஊராலும் தொழிலாலும் அடைகொடுத்துப் பிரித்தறிந்ததுபோல, இங்கும் பதிப்பகப் பெயரை அடையாக இட்டு 'முத்து மாயாவி', 'ராணி மாயாவி' எனக் குறிப்பது தெளிவு தரும்.

6. கிடைப்பு முறை: கூடலூர் என்னும் கடைக்கோடி

வெளியீட்டு முறை சிவகாசியிலோ சென்னையிலோ இதழ் அச்சான வரிசை. வாசகர் படித்த வரிசை அதுவே என்று கொள்ள இயலாது. ஊர் தொலைவாகத் தொலைவாக இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெருகுகிறது.

கூடலூர் தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியே குமுளி செல்லும் சாலையில், மலையேற்றத்துக்கு முன்னுள்ள கடைசி ஊர்களுள் ஒன்று. இருப்புப்பாதை இவ்வூருக்கு இல்லை. மதுரையிலிருந்து வரும் பாதை தேனியைக் கடந்து போடிநாயக்கனூரை நோக்கித் திரும்பிவிடுகிறது. அச்சிட்ட தாள் எதுவும் இவ்வூரைச் சாலை வழியாகவே அடைய வேண்டும். வழியில் தேனி, கம்பம் போன்ற பெரிய சந்தை ஊர்களைக் கடந்த பின்னரே கூடலூரின் முறை வருகிறது. அளவாக அச்சிடப்படும் ஓர் இதழின் கட்டு இவ்வூர்களில் பிரிந்த பின் கடைக்கோடியை எந்த எண்ணிக்கையில், எந்த ஒழுங்கில் அடைந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

இங்குப் பதிப்பகங்களின் விநியோக அமைப்பு வேறுபாட்டை உண்டாக்குகிறது. தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கப்பெற்று, சிற்றூர்வரை முகவர்களைக் கொண்டிருந்த நாளிதழ். அக்குழுமத்தின் ராணி காமிக்ஸ் 1984 ஜூலை முதல் 2005 வரை 500 இதழ்கள் வெளிவந்தது. நாளிதழ் செல்லும் வழியிலேயே மாதமிருமுறை இதழும் செல்லும்போது, கடைக்கோடி வாசகருக்கும் அதன் வெளியீட்டு முறையும் கிடைப்பு முறையும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. தனி முகவர்களையும் சந்தாவையும் சார்ந்த முத்து, லயன் இதழ்களுக்கு அவ்வாய்ப்பு குறைவு. ஆகவே கூடலூர் வாசகர் ஒருவருக்கு ராணியின் நாயகர்கள் வரிசையாகவும், முத்து–லயன் நாயகர்கள் இடைவிட்டும் அறிமுகமாகியிருக்கக்கூடும். இது களஆய்வில் சோதிக்கத்தக்க ஒரு கருதுகோள்.

இடைவெளிகளை நிரப்பியவை பழைய புத்தகக் கடை, வாடகை நூலகம், நண்பர்களிடையே கைமாற்று ஆகியவை. இவ்வழிகளில் வந்த பிரதிகள் பெரும்பாலும் அட்டையிழந்தவை. அட்டை போனால் இதழ் எண்ணும் போயிற்று. முன்னேடு சிதைந்த சுவடி போன்ற அப்பிரதிக்கு வரிசை கற்பித்தவர் வாசகரே. பின்னர் அவர் தம் சேகரத்தைப் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்துத் தைத்து பைண்டிங் செய்து வைத்தார். அக்கட்டில் எந்தக் கதைக்குப் பின் எந்தக் கதை தைக்கப்பட்டுள்ளது என்பது வீண் செய்தி அன்று. ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு வாசகர் எதனை எதனோடு சேர்த்துப் படித்தார் என்பதற்கு எஞ்சியுள்ள எழுத்தற்ற ஆவணம் அது. சுவடிக் கட்டில் எந்நூல்கள் சேர்ந்து கிடைத்தன என்பதைக் குறித்துவைப்பது சுவடியியலின் அடிப்படைப் பயிற்சி. சித்திரக்கதைச் சேகரங்களைப் பிரித்து, எண் வரிசையில் மறுஅடுக்கு செய்யும்போது இச்சான்று ஒரு பிற்பகலில் அழிந்துவிடுகிறது.

கிடைப்பு முறை பொருளை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இவ்வூரிலேயே பழைய சான்று ஒன்றுண்டு. கூடலூருக்கு மேலே மலைமுகட்டில், கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுக்கொரு முறை சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் அங்குச் செல்கின்றனர். கண்ணகி விண்ணேகிய இடம் இதுவென்பது மரபு. சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்களாகச் செல்கிறது. ஆனால் இப்பகுதியில் பிறந்தவர் கண்ணகியை முதலில் அறிவது வஞ்சிக் காண்டத்து மலைக்காட்சி வழியாக. தெய்வமான பின்னரே அவள் வணிகர் குலத்து மணப்பெண் ஆகிறாள். புகாரில் தொடங்குபவருக்குக் கதை ஒரு பெண்ணின் வீழ்ச்சியும் எழுச்சியும். மலையில் தொடங்குபவருக்கு அது ஒரு தெய்வத்தின் முன்வரலாறு. நூல் ஒன்றே, நுழைவாயில் வேறு. நிழற்படை உளவாளியாக இரும்புக்கை மாயாவியை முதலில் சந்தித்து, அவர் ஒரு காலத்தில் குற்றவாளியாக இருந்தார் என்பதைப் பின்னர் அறிந்த வாசகரின் நிலையும் இத்தகையதே.

7. மறுபதிப்பும் வரிசைத் திருத்தமும்

2012 ஜனவரியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வழியாக லயன்–முத்து வெளியீடுகள் புத்துயிர் பெற்ற பின், பழைய கதைகள் மறுபதிப்பாகவும் வண்ணத் தொகுப்புகளாகவும் வந்துள்ளன. சிதறிக்கிடந்த கதைகளை ஒரே அட்டைக்குள் கதைப்போக்கு வரிசையில் தரும் இம்முயற்சி வாசகருக்குப் பெரும்பயன் தருவது. ஆனால் வரலாற்றாய்வுக்கு ஓர் இடர்ப்பாட்டையும் உண்டாக்குகிறது. தொகுப்பைக் கொண்டு ஆய்வு செய்பவர், தமிழ் வாசகர்கள் தொடக்கம் முதலே இவ்வரிசையில்தான் படித்தனர் என்று கருதிவிடக்கூடும். 1972 முதலான வாசிப்பின் இடைவெளிகளும் ஊகங்களும் காத்திருப்பும் அத்தொகுப்பில் தெரிவதில்லை.

வெளியீட்டு முறையை மீட்பதற்குச் சான்றுகள் இன்னும் உள்ளன. இதழின் இறுதிப்பக்கத்து அடுத்த வெளியீட்டு விளம்பரம் ஓர் இதழை அதன் பின்னதோடு பிணைக்கிறது. சில வேளை அறிவித்த கதை வராமல் வேறொன்று வந்ததையும் காட்டிக்கொடுக்கிறது. விலை, சந்தா அறிவிப்பு, வாசகர் கடிதம் ஆகியவை காலத்தைக் குறுக்க உதவுகின்றன. ஆசிரியர் விஜயன் எழுதிவந்த 'ஹாட்லைன்' பகுதியும், பதிப்பு அனுபவங்களைக் கூறும் 'சிங்கத்தின் சிறுவயதில்' தொடரும் தேர்வுகளின் பின்னணியை ஆசிரியர் தரப்பிலிருந்து விளக்குகின்றன. அவை பிற்கால நினைவுகள் என்பதால் இதழ்ச் சான்றோடு ஒப்பிட்டே கொள்ளத்தக்கன.

இவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறி முன்மொழியப்படுகிறது.

1. தமிழ்ச் சித்திரக்கதை அட்டவணைகளில் தமிழ் முதல்வெளியீட்டு எண்ணும் காலமும் அடிப்படை வரிசையாக அமைய வேண்டும்.

2. மூல இதழ், மூல ஆண்டு, வார இதழ்த் தொடரா தனிக்கதையா என்பவை இணை நிரலாகத் தரப்பட வேண்டும்.

3. மறுபதிப்புகள் தனிக்கதையாக எண்ணப்படாமல் முதல்வெளியீட்டின்கீழ் கிளைப்பதிவாக இடம்பெற வேண்டும்.

4. தனியார் சேகரங்களைப் பெறும் நூலகங்கள், கட்டின் அடைவு, பெற்ற ஊர், அட்டையின் நிலை ஆகியவற்றைப் பிரிக்கும் முன் பதிவு செய்ய வேண்டும்.

பொதுவாசகருக்கு இந்நெறி கட்டளையன்று. அவர் சங்கிலிக் கதைகளைக் கதைப்போக்கிலும், இயல்பு மாறும் நாயகர்களை மூல முறையிலும், தனிக்கதைகளை விரும்பியவாறும் படிக்கலாம். ஆய்வாளருக்கு அவ்வுரிமை இல்லை.

8. முடிவுரை

வாசிப்பு வரிசை பற்றிய வினா தமிழில் நான்கு விடைகளைக் கொண்டது. மூல முறை படைப்பின் வரலாற்றையும், கதைக்கால முறை புனைவுலகின் ஒழுங்கையும், வெளியீட்டு முறை தமிழ்ப் பதிப்பின் வரலாற்றையும், கிடைப்பு முறை வாசகரின் வரலாற்றையும் காட்டுகின்றன. பண்முறையும் தலமுறையும் ஒன்றையொன்று மறுக்காததுபோல இவையும் மறுக்கா.

எனினும் இந்நான்கும் ஒரே அளவில் பாதுகாப்பாக இல்லை. மூல முறையை ஆங்கில, பிரெஞ்சுப் பட்டியல்களிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீட்டெடுக்கலாம். வெளியீட்டு முறைக்குரிய சான்று மலிவுத்தாளில் அச்சாகி, ஆண்டுதோறும் உதிர்ந்துவருகிறது. கிடைப்பு முறைக்குரிய சான்று, 1970களிலும் 1980களிலும் சிறுவராக இருந்தோர் நினைவிலும் அவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கட்டுகளிலும் மட்டுமே உள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் போன்ற ஊர்களில் அக்கட்டுகள் எடைக்குப் போகும் முன் அவற்றின் அடைவைப் பதிவு செய்வது இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.